கதவு எண்ணைத் தேடாதீங்க

ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் வரைவு முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் தன் தெருப் பெயரை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

கிடைக்காது. அதில் இருப்பது சர்வே எண்.

பட்டாவைக் கையில் கொண்டுபோங்கள். நகரப் பகுதி என்றால் டவுன் சர்வே எண் வேறாக இருக்கும், பழைய பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது நிலப் பயன்பாட்டைக் காட்டும் நிறத்தை அல்ல, உத்தேச சாலைக் கோடுகளை. வீட்டின் மேல் கோடு விழுந்திருந்தால், பின்னால் கட்டட அனுமதி கேட்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

1971 தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அரசிதழ் அறிவிப்பிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 2 மாதம் உண்டு. எழுத்தில்தான் தர வேண்டும். "எங்க ஏரியாவுக்கு ரோடு வேணும், பஸ் வேணும்" என்று பொதுவாக எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது (செய்யவும் மாட்டார்கள்!). கிராமம், சர்வே எண், வரைவில் இருப்பது, நீங்கள் கேட்கும் மாற்றம், காரணம். ஒரு பக்கம் போதும்.

சாலை போன்ற பொதுத் தேவைக்காகத் திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை 3 ஆண்டுக்குள் கையகப்படுத்த அறிவிக்கையோ ஒப்பந்தமோ இல்லையென்றால், பிரிவு 38-இன்படி அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். அதைக் கோரியும் மனு எழுதலாம்.

கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.