16 வருடமாகப் போன் பிரிக்கிறேன், சான்றிதழ் போன மாதம்தான் வந்தது

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. வேலை கற்றது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஒரு அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. மைக்ரோஸ்கோப்பும், போர்டில் பாகங்களைக் கழற்றி மாட்ட நல்ல ரீவொர்க் ஸ்டேஷனும் வாங்கலாம் என்று முத்ரா கடன் கேட்டுப் போனபோது, "இந்த வேலை தெரியும்கிறதுக்கு என்ன பேப்பர் வச்சிருக்கீங்க?" என்றார்கள். நான் சரிசெய்த போன்கள் ஊரில் யார் யார் பையிலோ இருக்கின்றன. பேப்பர் ஒன்றுகூட இல்லை.

அப்படித்தான் ஆர்பிஎல் (ரெகக்னிஷன் ஆஃப் பிரையர் லேர்னிங்) பக்கம் போனேன். தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தருவது. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் வருகிறது. நம் துறைக்கு அதைப் பார்ப்பது இஎஸ்எஸ்சிஐ என்ற எலக்ட்ரானிக்ஸ் திறன் கவுன்சில். நமக்குச் செலவு கிடையாது. இதற்கு 2,000, 3,000 என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் அடி ஆதாரில். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் பதிய ஓடிபி வேண்டும். என் ஆதாரில் இருந்ததோ நான் எப்போதோ தொலைத்த சிம்மின் நம்பர். ஊருக்கெல்லாம் போன் சரிசெய்பவனுக்கு ஓடிபி வரவில்லை என்று மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நம்பரை அப்போது ஆன்லைனில் மாற்ற முடியவில்லை, ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை போனேன், டோக்கன் தீர்ந்துவிட்டது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நம்பரை மாற்றினேன்.

அங்கேதான் பெரிய தப்பு செய்தேன். என் ஆதாரில் பெயரோடு இனிஷியல் இல்லை, நடுவில் ஓர் எழுத்தும் கூடுதல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. இத்தனை வருடம் அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை என்பதால் விட்டுவிட்டேன். பதியும்போதுதான் தெரிந்தது, தளம் பெயரை ஆதாரிலிருந்தே எடுக்கிறது, சான்றிதழிலும் அதுதான் வரும் என்று. மறுபடி வரிசை, மறுபடி கட்டணம், மறுபடி ஒரு நாள் கடையடைப்பு. நம்பரையும் பெயரையும் ஒரே விண்ணப்பத்தில் மாற்றியிருந்தால் ஒரே கட்டணம்தான். இன்னொன்று, ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். கவுன்ட்டரில் தட்டச்சு செய்வதை எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

சரி, பெயர் நேராகிவிட்டது என்று பயிற்சி மையத்துக்குப் போனேன். முதல் நாள் பட்டியலில் என் பெயருக்கு நேரே எல்இடி விளக்கு ரிப்பேர் என்று இருந்தது. கேட்டதற்கு அங்கிருந்த பையன், "மொபைல் பேட்சுக்கு ஆள் சேரலைண்ணே, இதுல உட்காருங்க. சர்ட்டிபிகேட் சர்ட்டிபிகேட்தானே" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்இடி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் தொழில்தான். ஆனால் மொபைல் கடைக்குக் கடன் கேட்பவன் பல்பு சான்றிதழை நீட்டினால் மேனேஜர் என்ன நினைப்பார்? பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். என்னோடு வந்த இரண்டு பேர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் இரண்டு மாதம் காத்திருந்தேன், வாரம் ஒரு போன் போட்டு நச்சரித்தேன். பதிவு செய்யும் முன் வேலையின் பெயரைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். மொபைல் என்றால் 'மொபைல் போன் ஹார்ட்வேர் ரிப்பேர் டெக்னீஷியன்' என்று இருக்க வேண்டும்.

வகுப்பு ஒரு பிரச்சினையும் இல்லாமல் முடிந்தது.

தேர்வில் எழுத்துப் பகுதி டேப்லெட்டில். தமிழ் என்று அழுத்தினேன். 'வெப்பக் காற்றுத் துப்பாக்கி' என்று ஒன்று வந்தது. நாலு தடவை படித்த பிறகுதான் அது சூடான காற்று ஊதும் நம்ம புளோயர் என்று பிடிபட்டது. ஆங்கிலத்துக்கு மாற்றினேன், பாதி வார்த்தை கடையில் புழங்குகிறவைதான், தப்பித்தேன். பாதுகாப்புக் கேள்விகளை அலட்சியமாக விடாதீர்கள், நிறைய வருகின்றன. ஈஎஸ்டி கைப்பட்டையில் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்கக் கையில் கட்டுவது) 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று ஒரு கேள்வி. நான் அந்தப் பட்டையைக் கட்டியதே இல்லை, குருட்டாம்போக்கில் ஒன்றை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கை தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் அந்த ரெசிஸ்டர் வழியாக கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது. இப்போது கட்டுகிறேன்.

செய்முறைக்கு ஒரு டெட் போர்டு, அதாவது ஆன் ஆகாத போன் போர்டு கொடுத்தார்கள். அங்கிருந்த மல்டிமீட்டரில் பேட்டரி இல்லை. என் மீட்டரைப் பையில் கொண்டு போயிருந்தேன், நீங்களும் கொண்டு போங்கள். பவர் சப்ளையில் மாட்டியதும், சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே ஆம்பியர் முள் ஏறியது. மெயின் லைனில் ஷார்ட். ஷார்ட் ஆன பாகம் சூடாகும், அதைக் கண்டுபிடிக்க போர்டு மேல் ரோசின் (பிசின்) புகை பிடித்து வெள்ளையாகப் படியவிட்டு, வோல்டேஜைக் குறைத்து வைத்துக் கொடுத்தேன். ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் வெள்ளைப் பூச்சு உருகியது. அதைத் தூக்கினேன், போன் எழுந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மதிப்பீட்டாளர் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தது சரி என்று பட்டது.

நேர்முகத்தில்தான் மாட்டினேன். "கஸ்டமர் போனைக் கொடுத்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"கழட்டிப் பார்ப்பேன் சார்."

"யாரோட போன்னு எழுதிக்க மாட்டீங்களா?"

வாய் அடைத்துவிட்டது. பெயர், ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), ஏற்கெனவே இருக்கும் கீறல், சிம்மையும் மெமரி கார்டையும் திருப்பிக் கொடுத்தது, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். போன தீபாவளிக்கு ஒரு டிஸ்பிளே விரிசலுக்காக ஒரு கஸ்டமருக்கு 1,800 ரூபாய் அழுதது ஞாபகம் வந்தது. அடுத்து, ஐஎம்இஐ மாற்றித் தரச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றார். அதற்கு மட்டும் சட்டென்று சொன்னேன்: மாட்டேன் சார், 2023 டெலிகாம் சட்டத்தில் 3 வருடம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம்.

சான்றிதழ் வந்ததும் முதலில் பெயரைத்தான் பார்த்தேன். எழுத்து சரி, இனிஷியல் சரி. கடன் மனு இப்போது நகர்கிறது. எழுதிக் கையெழுத்து வாங்க இரண்டு ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கிறேன்.

என்னிடம் வேலை கற்கும் தம்பியும் இந்தத் தேர்வை எழுதுகிறேன் என்கிறான். நேற்று அவன் ஆதாரை வாங்கிப் பார்த்தேன். பெயர் பரவாயில்லை. இணைத்திருக்கும் நம்பர் அவன் அத்தையுடையது, அவர் இருப்பது திருப்பூரில். செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய் டோக்கன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.