ஒற்றைக் கிட்னிக்காரனின் விந்துப்பைக் கட்டி: வலியிலிருந்து ஆபரேஷன் வரை

பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான் என்று ஸ்கேனில் தெரிந்துகொண்ட ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரு கிட்னி போதும், பயப்படாதீங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஏறத்தாழ 1000 பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார், பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் கிட்னி இல்லாத அதே பக்கத்தில், இடுப்புக் கூட்டின் அடியில், விந்து நீரைச் சுரக்கும் விந்துப்பையில் ஒரு நீர்க்கட்டியும் சேர்ந்து இருக்கலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பது வயதைத் தாண்டியபோது தொல்லை தொடங்கியது. நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் மந்தமான ஒரு வலி. பைக்கில் கொஞ்ச தூரம் போனாலே கூடிவிடும். மதுரை வெயிலில் நீர்க்கடுப்பு என்றால் வீட்டில் சொல்வது ஒன்றுதான். "சூடுடா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார் அம்மா. இளநீர், ஊற வைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாம் நடந்தது. வலி போகவில்லை. உறவுக்குப் பிறகு வலி அதிகமானது, பிறகு விந்தில் ரத்தம் கலந்து வந்தது. இதையெல்லாம் வெளியே சொல்ல ஓர் ஆணுக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவியிடம் சொன்னேன். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனது அவள்தான்.

முதலில் பார்த்தவர்கள் புராஸ்டேட்டில், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், கிருமித் தொற்று என்றார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். சிறுநீர் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. ஆனாலும் மாத்திரை மாறியதே தவிர யோசனை மாறவில்லை. இப்படியே மாதக்கணக்கில் போனது.

கடைசியில் நான் போய்ப் பார்த்த யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) என் பழைய ஃபைலை முதல் தாளிலிருந்து புரட்டினார். எப்போதோ வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடது சிறுநீரகம் காணப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, வலி இடது பக்கம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவரை ஒருவரும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கரு உருவாகும் முதல் சில வாரங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒரு மொட்டுதான் சிறுநீரகம் உருவாகத் தூண்டுகிறது. ஆண் குழந்தையில் அதே குழாயே பின்னால் விந்துக்குழாயாகவும் விந்துப்பையாகவும் விந்து வெளியேறும் பாதையாகவும் மாறுகிறது. அந்தக் குழாயில் ஆரம்பத்திலேயே பிசகு நேர்ந்தால் கிட்னி உருவாகாது. விந்து வெளியேறும் பாதையும் அடைபட்டுப் போகும். விந்துப்பையில் சுரக்கும் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி நீர்க்கட்டியாகும். இந்த மூன்றும் சேர்ந்த நிலைக்கு ஜின்னர் சிண்ட்ரோம் என்று பெயர், 1914இல் இதை விவரித்தவரின் பெயர் அது. பிறவிக் கோளாறாக இருந்தும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள்தான் பெரும்பாலும் வெளியே தெரிகிறது, ஏனென்றால் விந்துப்பை முழு வேகத்தில் சுரக்கும் காலம் அது.

ஆசனவாய் வழியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். சங்கடமாக இருந்தது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்புறம் எம்ஆர்ஐ. சிறுநீர்ப்பைக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால், இடது பக்கமாக ஆறு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி தெரிந்தது. உள்ளே பழைய ரத்தம் கலந்த நீர் என்றார்கள். எம்ஆர்ஐ ஏன் அவசியம் என்று கேட்டேன். ஆண்களின் இடுப்புக்குள் வரும் நீர்க்கட்டிகளில் சில நட்ட நடுவில் வரும், அவை புராஸ்டேட்டை ஒட்டிய வேறு வகை. ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது விந்துப்பைக் கட்டி. எந்த வகை என்பதைப் பொறுத்து ஆபரேஷனே மாறிவிடுமாம்.

வழிகள் மூன்று, நான்கு இருந்தன. தொல்லை இல்லாத சிறிய கட்டி என்றால் சும்மா விட்டுக் கண்காணிக்கலாம். ஊசி போட்டு நீரை உறிஞ்சலாம், ஆனால் பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும், கிருமி புகவும் வாய்ப்புண்டு. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி விட்டுக் கட்டியின் சுவரைத் திறந்துவிடும் முறையும் இருக்கிறது. வெட்டுக்காயம் இல்லை, ஆனால் சிறுநீர் அந்தக் குழிக்குள் திரும்பிப் போய்த் தொற்று வரலாம். எல்லாக் கட்டிக்கும் அது தோதும் படாது. என் கட்டியின் அளவுக்கும் இடத்துக்கும் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, முழுதாக எடுப்பதே நல்லது என்றார். ரோபோ கருவியாலும் செய்கிறார்கள். செலவு கூடும்.

முடிவெடுக்கும் முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போனோம். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். விறைப்புக்கான நரம்புகள் பக்கத்தில்தான் ஓடுகின்றன, அவற்றைக் காப்பாற்ற முடியுமா? மலக்குடலில் காயம் பட்டால் என்ன செய்வீர்கள்? வலது பக்கச் சிறுநீர்க் குழாய்க்கு ஆபத்து உண்டா? எனக்கு இருப்பதே ஒரு கிட்னி. குழந்தைக்கு வழி என்ன? கடைசிக் கேள்வியை மனைவிதான் கேட்டாள். அவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆபத்து இல்லவே இல்லை என்று பூசி மெழுகவில்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. முன்னெச்சரிக்கையாக விந்துப் பரிசோதனை செய்து, மாதிரியை உறைய வைத்துச் சேமிக்கவும் சொன்னார். வலது விந்துப்பை சரியாக இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு விந்தின் அளவு குறையலாம், ஏனென்றால் விந்து நீரில் பாதிக்கு மேல் விந்துப்பைகளிலிருந்தே வருகிறது.

இன்ஷூரன்ஸ் பெரிய இழுபறி. 'பிறவிக் கோளாறு' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார்கள். பாலிசி விதிகளை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, வெளியே தெரியும் பிறவிக் குறை வேறு, உடலுக்குள் இருக்கும் பிறவிக் குறை வேறு என்று பிரித்திருக்கிறார்கள். என் பாலிசியில் விலக்கு முதலாவதற்கு மட்டும்தான். இது உள்ளுறுப்புக் கோளாறு, இதுநாள் வரை தெரியாதிருந்தது என்று டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அதை வைத்து மறுபடி எழுதிய பிறகே அனுமதி வந்தது.

ஆபரேஷன் முழு மயக்கத்தில். முந்தின நாள் எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்தார்கள். கண் விழித்தபோது சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய், வயிற்றில் கசிவு வடிய ஒரு ட்யூப். காயத்தைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. பயந்துபோய்க் கேட்டேன். வயிற்றை ஊதவைக்கச் செலுத்திய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, தானாகப் போய்விடும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். அப்படியே போனது. முதல் சில நாட்கள் சிறுநீரில் லேசான சிவப்பு இருந்தது. முக்காமல் மலம் கழிக்க மருந்து, கனம் தூக்கக் கூடாது, பைக் கூடாது, உறவுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று அம்மா மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

அந்தப் பழைய வலி இப்போது இல்லை. விறைப்பில் மாற்றம் இல்லை. விந்தின் அளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, பரிசோதனையில் அணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க டாக்டர் சொல்லியிருக்கிறார். இது இருக்கும் ஒரே கிட்னிக்காக. டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மாத்திரைகளைக் கடையில் நேரடியாக வாங்கிப் போடக் கூடாது. 'ஒரு சிறுநீரகம் மட்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு பர்ஸில் வைத்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுகிறேன்.