கண்ணாடி மேல் ஊற்றிய பூ

என் அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்த்தவர். என்னோடு படித்தவர்களுக்கு இது தெரியும். திங்கட்கிழமை காலையில் என் நகக்கண்களில் காவிச் சாயம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பாவுக்குச் சாயம் கரைத்துக் கொடுப்பது என் வேலை. பாட்டெழுதுவதைப் பற்றி இந்த மலருக்கு எழுதித் தரச் சொல்லி நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டறைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் பூத்துக் கிடக்கும் அந்தத் தரைக்கல்லுக்கு எந்திரமும் கிடையாது, சூளையும் கிடையாது. ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் துடைத்துத் தரையில் வைப்பார்கள். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சிமெண்டோடு கரைத்த சாயத்தைக் கரண்டியால் மொண்டு அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்ற வேண்டும். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. பிறகு அச்சை மெல்ல மேலே தூக்குவார் அப்பா. அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் பச்சை சிவப்புக்குள் ஓடிவிடும். அதற்கு மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டிக் காய வைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள்.

இதில் என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது ஒரு விஷயம்தான். செய்கிறவர் பார்ப்பதெல்லாம் பூவின் முதுகைத்தான். முகம் கீழே, கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. கல் இறுகிக் கண்ணாடி கழன்று வருகிற அன்றுதான் அது வெளியே தெரியும். அதற்குள் அப்பா வேறு நூறு கல்லுக்குப் பூ ஊற்றியிருப்பார்.

1981 அக்டோபரில் நான் பதினொன்றாம் வகுப்பு. கவியரசர் கண்ணதாசன் சிகாகோவில் காலமான செய்தி வந்திருந்தது. தமிழ் ஐயா வகுப்புக்குள் வந்தார், புத்தகத்தைத் திறக்கவில்லை. நம் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், 54 வயதில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் ஜன்னல் பக்கம் நின்றார். பிறகு நிறையப் பேசினார். கண்ணதாசன் வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் எழுதிக்கொள்வதையும், அப்படி எழுதியவர்களில் பஞ்சு அருணாசலமும் அதே ஊர்க்காரர் என்பதையும், உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே இரங்கற்பா எழுதி வைத்தவர் என்பதையும் அன்றுதான் கேட்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்து, "அவருக்கு மட்டும் எப்படிங்கய்யா அப்படிக் கொட்டுச்சு?" என்று கேட்டான்.

"அவருக்கு மட்டுமா? தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த காதுடா அது. இந்தச் சீமையில பொம்பளையாளுக்கெல்லாம் கொட்டுது. வீட்டுக்குப் போய் உங்க அப்பத்தாமாரைக் கேளுங்க" என்றார் ஐயா.

நான் போய்க் கேட்டேன். எங்கள் அப்பத்தா ஊரில் யார் இறந்தாலும் பாடக் கூப்பிடப்படுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் கேட்டபோது வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். "பாட்டுக் கட்டுறதுல என்னய்யா இருக்கு? போனவுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அவுக கையி என்ன செஞ்சுச்சு, காலு எங்க நடந்துச்சுன்னு நெனைக்கணும். தூக்குறதுக்குள்ள சொல்லி முடிக்கணும், அம்புட்டுத்தான்" என்றார். புளியங்கொட்டைகள் ஒரு பக்கம் குவிந்துகொண்டே இருந்தன.

அந்தப் பதிலின் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாற்பது வருடமாகப் பாட்டெழுதிய பிறகு சொல்கிறேன், இந்தத் தொழிலைப் பற்றி அதற்கு மேல் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அருள் வரட்டும், மனநிலை அமையட்டும் என்று காத்திருக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்பது தெரிய வேண்டும். நேரம் குறைவு என்பதும் தெரிய வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் நான் எழுதியவை எல்லாம் நோட்டிலேயே கிடக்கின்றன.

மறு பங்குனியில் கம்பன் விழாவுக்கு ஐயா எங்களைக் கூட்டிப் போனார். 1939-ல் கம்பனடிப்பொடி சா. கணேசன் தொடங்கிய விழா. காரைக்குடியில் நடந்து, அத்த நட்சத்திர நாளன்று நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறும். கம்பர் அடங்கிய இடம் அங்கேதான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அங்கே ஒரு பெண் கைக்குழந்தையின் நாக்கில் சமாதி மண்ணை ஒரு துளி தொட்டு வைத்ததைப் பார்த்தேன். பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பார்கள். நானும் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். மணல் வந்து இறங்கும்போது பட்டறையில் எப்படித் தேய்ப்பாரோ அப்படியே. "நல்ல மண்ணு" என்றார். பிறகு ஒரு துளியை என் நாக்கில் வைத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது, மீசை அரும்பியிருந்தது. வெட்கமாக இருந்தாலும் வாயைத் திறந்தேன். அந்தக் கரகரப்பு இன்னும் பல்லில் இருக்கிறது.

அந்த ஆடியில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, ஒரே இரவு.

ஊருக்கெல்லாம் பாடிய அப்பத்தாவுக்குத் தன் மகனுக்கு வாய் எழவில்லை. காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மற்ற பெண்கள் பாடினார்கள், அழுதார்கள், ஓய்ந்தார்கள். வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோதுதான் குரல் எடுத்தார்.

கண்ணாடி மேல பூ ஊத்துன கையி
கட்டாந் தரையில கெடக்குதே என் ஐயா
ஊருக்கெல்லாம் பூத்தரை போட்டுவச்ச மகனே
ஒனக்கு மண்தரையே மெத்தையாச்சே என் ஐயா

எங்கள் வீட்டுத் தரை மண்தரைதான். பிறந்ததிலிருந்து நான் நடந்த தரை. அந்த நான்கு வரியைக் கேட்ட பிறகுதான் அதைப் பார்த்தேன். பாட்டு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன். அப்பத்தா அதை மறுபடி ஒருநாளும் பாடவில்லை. நான் மட்டும் அன்றிரவு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பட்டறைக்காரர் ஒருவருக்குப் பாடியது என்பதற்கு உலகத்தில் அந்த ஒரு தாள்தான் சாட்சி.

பிறகு சிங்கப்பூர், கப்பல் பட்டறை வேலை, குடும்பம். இவற்றை எல்லோரும் கடந்து வந்திருக்கிறோம், விரிவாக எழுத வேண்டியதில்லை. பாட்டு மட்டும் கூடவே வந்தது. நாட்டிய நாடகங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் எழுதினேன், பெரும்பாலும் மெட்டுக்கு. யாரோ "தன்னன்ன தானன்ன" என்று தத்தகாரம் போட்டுத் தருவார்கள், அதற்குள் சொல்லை ஊற்ற வேண்டும். மெட்டு கையைக் கட்டுகிறது என்று வருத்தப்படும் நண்பர்கள் உண்டு. எனக்கு அது பழகிய அச்சு. நெடில் வரும் இடத்தில் குறிலை வைத்தால் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் ஓடுவதை என்னால் பார்க்க முடியும்.

ஒரு தைப்பூசத்தன்று டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வாசலில் நின்றிருந்தேன். 1859-ல் நகரத்தார் கட்டிய கோயில். கூட்டத்தில் காவடி எடுத்து வந்த ஒரு பையனுக்குக் கூட வந்தவர்கள் சிந்து பாடினார்கள். இரண்டாவது அடியில்தான் அது நான் எழுதியது என்று புரிந்தது. ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள், என் சொல்லைவிட நன்றாக இருந்தது. அவர்களில் யாரும் என்னை அறியார். பையனின் முதுகில் வேல்கள், முகத்தில் வியர்வை, அவன் அம்மா அவன் காதருகே அந்த வரியைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். எழுதி எட்டு வருடம் கழித்துக் கண்ணாடி கழன்றது.

இனி எழுதப் போவது எனக்குக் கொஞ்சம் கடினம்.

"அவருக்கு மட்டும் எப்படிங்கய்யா" என்று அன்று எழுந்து கேட்டவனை 1983 செட்டுக்காரர்கள் யாருக்கும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டாம். ஊரிலேயே தங்கி மைக் செட் கடை வைத்தான். நம் பக்கத்துக் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் விடியற்காலையில் கேட்கும் முதல் பாட்டு அவன் போட்டதாகத்தான் இருக்கும். கடைசி மூன்று வருடம் சிறுநீரகம் போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். "நாலு மணி நேரம் சும்மா கெடக்கணும்டா, மெட்டு வருது. அனுப்புறேன், நீ எழுது" என்றான். வாட்ஸ்அப்பில் ஏழு மெட்டு வந்தது. எல்லாம் அவன் குரலில், பின்னால் அந்த எந்திரத்தின் சத்தத்தோடு. ஆறுக்கு எழுதி அனுப்பினேன். ஒவ்வொன்றையும் பாடித் திருப்பி அனுப்பினான். ஒரே நிபந்தனைதான் போட்டான்: "சாவைப் பத்தி எழுதிடாத. அந்தப் பாட்டெல்லாம் எழவு வீட்டுல போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடம்."

ஏழாவது மெட்டு நாற்பது விநாடி. சரணத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறான், பிறகு "இங்க உன் இஷ்டம்" என்கிறான், மறுபடி பாடுகிறான். அது வந்த பத்தாவது நாள் அவன் இல்லை. இந்தத் தை மாதம்.

பல்லவி எழுதிவிட்டேன். அதில் ஒரு கல்யாண வீடு, நட்ட பந்தக்கால், இருட்டு விலகுவதற்கு முன்னால் வந்து ஒயர் இழுக்கிற ஒருவன். சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சரணமும் ஏறக்குறைய முடிந்தது. அவன் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு அசை காலியாக நிற்கிறது. பல சொற்களை வைத்துப் பார்த்தேன், எல்லாமே மெட்டில் உட்காருகின்றன, எடுத்துவிட்டேன்.

பங்குனியில் ஊருக்கு வருகிறேன். மைக் செட் இப்போது அவன் மகனிடம் இருக்கிறது. நன்றாகப் பாடுவானாம்.