குழந்தைக்கு நெறிக்கட்டு: பயாப்சி வரை போக வேண்டுமா?

முதலில் எச்சரிக்கை. கழுத்தில் நெறி கட்டிய பிள்ளைக்குக் காரணம் தெரியும் முன்பே ஸ்டீராய்டு சிரப் எழுதினால், எதற்கு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். குடியாத்தம் பக்கம் ஒரு கிளினிக்கில் எங்கள் பையனுக்கு அப்படித்தான் எழுதினார்கள். மெடிக்கல்காரர்தான், "அக்கா, இது பிரெட்னிசோலோன். இன்னொரு டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுங்க" என்றார். லிம்போமா என்ற நெறிக்கட்டுப் புற்றுநோயோ ரத்தப் புற்றுநோயோ இருந்தால் ஸ்டீராய்டு கட்டியைக் கொஞ்ச நாளைக்குச் சுருக்கிவிடும், அதற்கப்புறம் பயாப்சி (கட்டியை வெட்டி எடுத்துச் சோதிப்பது) எடுத்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம். அந்தச் சீட்டை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நெறி கட்டியதெல்லாம் பயாப்சிக்குப் போவதில்லை. தொண்டைப்புண், சொத்தைப் பல், தலைப்பேன், சிரங்கு எதனாலும் கட்டும். கழுத்தில் 1 செ.மீ., தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கைக்குழந்தைக்கு இடது அக்குளில் கட்டினால் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஊசியால் வரும் கட்டு பல நேரம் தானே அடங்கிவிடும். ஆனால் காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டினால் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

டாக்டர்கள் பயாப்சி பக்கம் சாய்வது எப்போது? 2 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 4 முதல் 6 வாரம் ஆகியும் குறையாமலோ, வளர்ந்துகொண்டோ இருக்க வேண்டும். வலியே இல்லாமல் கெட்டியாக அல்லது ரப்பர் மாதிரி இருப்பது, நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது, விடாத காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வையில் துணி நனைவது, உடம்பு வெளுப்பது, காரணமில்லாமல் கன்றிப் போவது, கல்லீரல் மண்ணீரல் வீங்குவது, எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகன்று தெரிவது, இதில் எது சேர்ந்தாலும் அவசரம் கூடும். அதனால் முதலில் பார்த்த தேதி, வாரம் ஒருமுறை ஸ்கேலில் எடுத்த அளவு, எடை, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். தினமும் அமுக்கிப் பார்க்க வேண்டாம், அதனாலேயே வீங்கும்.

எங்கள் பையனுக்கு ஆன்டிபயாடிக் 10 நாள் கொடுத்தும் குறையவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்மியர், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாண்டூ என்ற காசநோய்த் தோல் பரிசோதனையில்தான் இழுத்தடித்தார்கள். அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். வியாழக்கிழமை ஊசி போட்டுவிட்டு, சனிக்கிழமை போனால் அளக்க ஆளில்லை, திங்கள் வாருங்கள் என்றார்கள். கெடு தாண்டி மறுபடி போட வேண்டியதாயிற்று. திங்கள் அல்லது செவ்வாய் போடச் சொல்லிக் கேளுங்கள். அளக்க வேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல, 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் காசநோய்க் கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது என்று பொருள். தடிக்கவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று விட்டுவிடவும் முடியாது.

அடுத்து எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. ஒரு தனியார் லேபில் ஊசி குத்தி எடுத்ததை ஸ்லைடில் மட்டும் தடவி 'ரியாக்டிவ்' (ஏதோ தொற்றால் வீங்கியது, புற்றுநோய் தெரியவில்லை) என்று எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே கொஞ்சத்தை சிபிநாட் என்ற காசநோய்க் கிருமி மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் காசநோய் அப்போதே தெரிந்திருக்கலாம். ஊசியில் வருவது உதிரி செல்கள்தான், கட்டியின் அமைப்பு அதில் தெரியாது. ஹாட்ஜ்கின் லிம்போமா தவறிப்போகலாம். 'ரியாக்டிவ்' என்று வந்த பிறகும் கட்டி அப்படியே இருந்தால் அந்தத் தாளை நம்பி உட்காரக் கூடாது. அதனால்தான் முழுக் கட்டியையும் எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது.

பயாப்சிக்கு முன்னால் அறுவை டாக்டரிடம் நேரில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எடுத்ததில் ஒரு துண்டு சலைனில் போவதற்கு எழுதிவிட்டீர்களா?" மொத்தத்தையும் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் மருந்து) போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. எங்களுக்கு ஒரே ஒரு ஃபார்மலின் பாட்டில்தான் தயாராக வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தாளில் இரண்டாவதாகச் சலைன் பாட்டிலையும் எழுத வைத்த பிறகுதான் பையனை உள்ளே அனுப்பினோம். அந்தச் சலைன் பாட்டில்தான் காப்பாற்றியது. திசு அறிக்கை வரும் முன்பே சிபிநாட்டில் காசநோய் என்றும், அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்றும் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த அறிக்கையில் புற்றுநோய் இல்லை. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மயக்க மருந்துக்கு முன் சோறு, பசும்பால் எதுவும் 6 மணி நேரத்துக்குக் கூடாது, தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2 மணி நேரம். காலையில் பால் கொடுத்துக் கூட்டி வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். வேலூர் வெயிலில் வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வருவதைவிட முந்தின ராத்திரியே வந்து தங்குங்கள். காப்பீட்டு அட்டையோடு, குழந்தையின் பெயர் ஏறிய குடும்ப அட்டை நகலும் கையில் இருக்கட்டும்.

யாராவது கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கிறேன் என்றால் விடாதீர்கள். காசநோய்க் கட்டியைக் கீறினால் ஆறாத புரை விழலாம்.

காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், எடைக்கு ஏற்ற மாத்திரை, பொதுவாக 6 மாதம். எடை கூடக்கூட அளவை மாற்றச் சொல்ல வேண்டும். வீட்டில் 2 வாரத்துக்கு மேல் இருமும் பெரியவர் யாராவது இருந்தால் சளி பரிசோதனை செய்துவிடுங்கள், குழந்தைக்கு அவர்களிடமிருந்து வந்திருக்கலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். முதல் சில வாரங்களில் கட்டி இன்னும் பெரிதாகலாம், புதிதாகவும் ஒன்று வரலாம். மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.