காய்ந்த அட்டை எந்த இனம்? ப்ளீச்சும் நுண்ணோக்கியும்

மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையை, அதாவது வெள்ளரிக்காய் வடிவில் கடலடியில் கிடக்கும் உயிரினத்தை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் முதலில் குறுக்கே நிற்பது சட்டம்தான். 2001ல் கடல் அட்டைகள் மொத்தமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். அதனால் என் வேலை இரண்டாகப் பிரிந்தது. அனுமதி கிடைத்த இடங்களில் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு, தொடாமல் படம் எடுப்பது ஒன்று. கடத்தலில் பிடிபட்டு, இனம் சொல்லச் சொல்லி ஆய்வகத்துக்கு வரும் காய்ந்த அட்டைகளைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வேலை நாற்றம் பிடித்தது. ஆனால் நான் வகைப்பாடு படித்தது அதில்தான்.

கடலில் அதிகம் குழப்புபவை கறுப்பு அட்டைகள். ஹோலோதூரியா ஏட்ரா, ஹோலோதூரியா லூகோஸ்பைலோட்டா இரண்டும் படத்தில் கறுப்பாக, நீளமாக, ஒன்று போலவே இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார் என் வழிகாட்டி. ஏட்ரா பட்டப்பகலில் திறந்த மணலில் கிடக்கும். உடம்பெல்லாம் மணல் பூசியிருக்கும். முதுகில் மட்டும் இரண்டு வரிசையாக மணல் ஒட்டாத வட்டங்கள் தெரியும். லூகோஸ்பைலோட்டா பின்பாதியைப் பாறை இடுக்கில் செருகிக்கொண்டு, முன்பாதியை நீட்டி மேயும். மணல் பூச்சு அதற்குக் கிடையாது. சீண்டினால் ஒட்டும் வெள்ளை நூல்களைக் கக்கும். ஏட்ராவிடம் அந்த நூல் உறுப்பே இல்லை. தோலைத் தேய்த்தால் சிவப்புச் சாயம்தான் வரும்.

சாய விஷயத்தை நான் செய்து பார்க்கவில்லை, தொடக் கூடாதே. படகு ஓட்டி வந்த அண்ணன் அதை உறுதிப்படுத்தினார். தடைக்கு முன்பு சங்கும் அட்டையும் எடுத்தவர். வெள்ளை அட்டை, ராஜா அட்டை, நூல் அட்டை, குச்சி அட்டை என்று கலங்கல் தண்ணீரிலும் சொல்லிவிடுவார். வெள்ளை அட்டை ஹோலோதூரியா ஸ்கேப்ரா. ராஜா அட்டை ஹோலோதூரியா ஸ்பைனிஃபெரா. விலை போகிற இனங்களில் அவர் கண் தப்பாது. விலை இல்லாத கறுப்பு வகைகள் எல்லாம் அவருக்குக் குச்சி அட்டைதான். அதில் தப்பு சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அவருடைய வகைப்பாடு சந்தைக்கு ஆனது, அங்கே அது போதும்.

மூட்டையில் வரும் சரக்கில் இந்த அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. குடல் எடுத்து, வேக வைத்து, வெயிலில் காய்ந்ததைக் கொட்டினால் கருகிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். நிறம் போச்சு, நீளம் பாதிக்கும் கீழே, நடத்தை எங்கே பார்ப்பது? அப்போது கைகொடுப்பவை தோலுக்குள் புதைந்திருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகள், அதாவது ஆசிகிள்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

செய்முறை எளிது. காய்ந்த தோலை ஊற வைத்து, மிளகு அளவு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தட்டில் வைத்து, வீட்டில் துணிக்குப் போடும் ப்ளீச் சில சொட்டு விட வேண்டும். சில நிமிடங்களில் சதை கரைந்து அடியில் வெள்ளைப் பொடி தங்கும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை அலச வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ப்ளீச் மிச்சம் இருந்தால் ஸ்லைடு காயும்போது உப்புப் படிகம் படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அலசும் நீரை வடிக்கும்போது பொடியும் சேர்ந்து போய்விடாமல் படியவிட்டு எடுக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் தெரிவதற்குப் பாடநூல்களில் மேசை, பொத்தான், கோல், ரோசெட் என்றெல்லாம் பெயர் உண்டு. துளையுள்ள தட்டின் மேல் நான்கு தூண் எழும்பி நின்றால் மேசை. இரண்டு வரிசைத் துளையுள்ள நீள்வட்டத் தகடு பொத்தான். குச்சி மாதிரி இருப்பது கோல், கிளை விட்ட சிறு துணுக்கு ரோசெட். மேசையும் முண்டு முண்டான பொத்தானும் சேர்ந்து வந்தால் வெள்ளை அட்டையை நினைக்கலாம். மேசை இருந்து, பொத்தான் இல்லாமல் ரோசெட் வந்தால் ஏட்ரா பக்கம் போகலாம். மேசையும் பொத்தானும் இல்லாமல் கோலும் ரோசெட்டும் மட்டும் என்றால் ஆக்டினோபைகா. அதற்கு ஆசனவாயைச் சுற்றி ஐந்து சுண்ணாம்புப் பற்களும் இருக்கும். காய்ந்தாலும் அந்தப் பற்கள் போகாது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பேரினம் அதுதான்.

வெள்ளை அட்டையிடம் ஒரு வம்பு உண்டு. அதை வேக வைத்தபின் ஈர மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். வாங்குபவருக்கு அந்தச் சுண்ணாம்புப் பொருக்கு பிடிக்காது. எனக்கு வேண்டியதோ அந்தப் பொருக்குதான்! முதுகில் எங்கே வெட்டினாலும் ஸ்லைடு காலியாக வரும். சுரண்டுபவர் கை எட்டாத சுருக்கங்கள், வயிற்றுப் பக்கத்துக் குழாய்க்கால்கள், உள்ளே இழுபட்டிருக்கும் உணர்கொம்புகள், இங்கெல்லாம் தேட வேண்டும். உண்மையில் எந்த இனத்துக்கும் முதுகு, வயிறு, குழாய்க்கால், உணர்கொம்பு என்று தனித்தனி ஸ்லைடு போடுவதுதான் முறை. இடத்துக்கு இடம் துணுக்கு மாறும். வயதுக்கும் மாறும், குஞ்சின் மேசையும் வளர்ந்ததன் மேசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாதிரிகளைத் தேடிப் போன இடத்தில் வேறு ஒரு ஏமாற்றம். அழகான புட்டி, அழகான எழுத்தில் லேபிள். உள்ளே இருந்தது ஃபார்மலின். காலப்போக்கில் அதில் அமிலம் ஏறித் துணுக்குகளைக் கரைத்துவிட்டிருந்தது. அட்டை முழுசாக இருக்கிறது, அடையாளம் இல்லை. புதிதாகச் சேகரிப்பவர்கள் 70 சதவீத எத்தனாலுக்குப் போய்விடுங்கள்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு தலைவலி. நான் கல்லூரியில் அஸ்பிடோகைரோட்டிடா என்று மனப்பாடம் செய்த வரிசை (குடும்பத்துக்கு மேலே உள்ள வகைப்பாட்டு நிலை), 2017ல் வந்த மரபணு ஆய்வுக்குப்பின் மூன்றாக உடைந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலின் ஹோலோதூரியா நோபிலிஸையும் பசிபிக்கின் ஹோலோதூரியா விட்மேயையும் முன்பு ஒரே இனம் என்று எழுதிவந்தார்கள். 2019ல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு இரண்டையும், கூடவே ஹோலோதூரியா ஃபஸ்கோகில்வாவையும் இரண்டாம் பிற்சேர்க்கையில் சேர்த்தது. 2022ல் தெலினோட்டா பேரினம் முழுவதையும் சேர்த்தது. ஆகவே அறிக்கையில் எழுதும் பெயருக்கு இப்போது வழக்கு மதிப்பும் உண்டு. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுது, பேரினத்தோடு நிற்க வேண்டியிருந்தால் நில் என்பது எங்கள் ஆய்வகத்தின் கறாரான விதி.

அந்த விதி அதிகம் உதவுவது ஸ்டிகோபஸ் என்ற பேரினம் வரும்போது. ஆங்கில சி எழுத்து வடிவக் கோல்கள் கண்ணில் பட்டதும் இந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். அதற்கு அப்புறம் எந்த இனம் என்பது பெரும் தகராறு. உயிரோடு இருக்கும்போதே நீரைவிட்டு எடுத்தால் உடம்பு குழைந்து போகிற வகை. காய்ந்தபின் கேட்கவே வேண்டாம். கடைசியாக வந்த மூட்டையில் அப்படி ஒரு துண்டு இருந்தது. அறிக்கையில் ஸ்டிகோபஸ் என்று மட்டும் எழுதிவிட்டு, ஒரு சிறு தோல் துண்டைச் சிஓஐ (இனத்தைப் பிரித்தறிய உதவும் ஒரு மரபணு) வரிசையைப் படித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறோம். வேக வைத்த தோலில் டிஎன்ஏ எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைப் பொறுத்து, இரண்டாவது துண்டும் அனுப்ப வேண்டி வரலாம்.