அம்மாவின் கணக்கில் மட்டும் வராத கமரா

முள்ளியவளையில் சித்தப்பா முந்தி நடத்திய ஸ்டூடியோவின் கொம்பியூட்டர் நாலைந்து மழைக்காலமாக உரப்பைக்குள் கிடந்தது. திறந்தால் பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை, மதர்போர்டில் பச்சைத் துரு. உள்ளே இருந்த 80 ஜிபி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்தேன், சத்தம் ஒன்றும் இல்லை, சரி, இது உயிரோடுதான் இருக்கும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 2009-க்கு முந்திய படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீள்குடியேறி வந்தபிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பழைய படங்களை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தவர் சித்தப்பாதான், அதனால் இந்த டிஸ்கில் அம்மாவுக்கு இருந்த ஆசை என்னுடையதை விடப் பெரியது.

என்னுடைய கொம்பியூட்டரும் புதிது இல்லை. கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14-ஓடு அதைக் கைகழுவிவிட்டதால் நான் அதற்கு இன்டர்நெட் கொடுப்பதே இல்லை. டிஸ்க் பழைய ஐடிஇ வகை. மதர்போர்டில் அந்தச் சொக்கட் ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஏற்கெனவே டிவிடி டிரைவ் மாஸ்டராக, அதாவது முதல் ஆளாக, உட்கார்ந்திருக்கிறது, ஆகவே டிஸ்கின் பின்னால் இருக்கும் அரிசி அளவு ஜம்பரைப் புருவம் பிடுங்கும் சாவணத்தால் இழுத்து, அதே சொக்கட்டில் இரண்டாம் ஆளாக இருக்கும் ஸ்லேவ் இடத்தில் குத்தினேன். அது ஒருதடவை கைநழுவி விழ, டோர்ச் அடித்துத் தேடியதில் அரை மணித்தியாலம் போனது.

ஓன் பண்ணியதும் டி, இ என்று இரண்டு டிரைவ் வந்தன. சித்தப்பாவின் விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பகுதி டி, படங்களைத் தவிர மற்றதெல்லாம் கொட்டியிருந்த பகுதி இ. அவருடைய மை டொக்கியூமென்ட்ஸ் போல்டரை அமத்தினால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பெட்டியும் அதில் 'கன்டினியூ' பட்டனும் வந்தன. அமத்தினேன், கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத் திறந்தது. அந்தப் பட்டன்தான் பின்னால் என்னை நாலு நாள் அலைக்கழித்தது.

சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"டேய், அதுக்குப் பாஸ்வேர்ட் போட்டு வச்சனான், எப்பிடித் திறந்தனி?"

எக்ஸ்பியில் போடும் பாஸ்வேர்ட் வாசற்கதவுக்குத்தான் பூட்டு, டிஸ்கைக் கழற்றி வேறு மிசினில் போட்டால் அது ஒன்றையும் தடுக்காது. தடுப்பது, டிஸ்கில் பைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் என்ற முறை வைத்திருக்கும் பெர்மிசன் பட்டியல், எந்தப் பைலை யார் திறக்கலாம் என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் ஆளின் பெயர் எழுதப்படுவதில்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீளமான இலக்கம்தான் எழுதப்படும். பழைய மிசின் கொடுத்த இலக்கம் என்னுடைய விண்டோஸுக்கு யாரென்றே தெரியாது. நல்லகாலம், பைல் பெயர்கள் பச்சை எழுத்தில் இல்லை. பச்சையாக இருந்திருந்தால் அவர் என்கிரிப்ட் பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம், பிறகு பெர்மிசனை எப்படி மாற்றினாலும் படம் திறக்காது, பழைய மிசினின் திறவுகோல் இருந்தால்தான் உண்டு.

இனி ஐகொன் கதை. அம்மாவுக்கென்று சாதாரண யூசர் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். "எனக்கு உந்த டி, இ எல்லாம் விளங்காது தம்பி, ஒவ்வொண்டுக்கும் ஒரு படத்தைப் போட்டுவிடு, பாத்து அமத்திறன்" என்றார். நல்ல யோசனைதான். டிரைவின் முகப்பில் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற சின்ன எழுத்துப் பைல் வைத்து, முதல் வரியில் பகர அடைப்புக்குள் ஆட்டோரன் என்றும் அடுத்த வரியில் ஐகொன், சமன் குறி, ஐகொன் படப் பைலின் பெயர் என்றும் எழுதினால் போதும். பென்டிரைவில் இருந்து புரோகிராம் தானாக ஓடுவதை விண்டோஸ் 7 நிறுத்திவிட்டாலும் ஐகொன் வரியை இன்னும் மதிக்கிறது.

ஆனால் டி டிரைவில் பைலை வைக்கவே முடியவில்லை, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு போல்டர் இருந்தது, அழித்தாலும் அழியவில்லை. பென்டிரைவ் வைரஸ் ஊரெல்லாம் சுற்றிய காலத்தில் யாரோ போட்டுவிட்ட தடுப்பூசி அது. வைரஸ் தன் ஆட்டோரன் பைலை எழுத வரும்போது அந்தப் பெயரில் போல்டர் இருந்தால் எழுத முடியாது, போல்டருக்குள் 'கொன்' என்று விண்டோஸே ஒதுக்கி வைத்த பெயரில் இன்னொன்றைப் போட்டுவிட்டால் சாதாரணமாக அழிக்கவும் முடியாது. கொமாண்ட் புரொம்ப்டில் ஆர்டி கட்டளையைப் பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, கேள்விக்குறி, இன்னொரு பின்சாய்கோடு போட்டு ஓட்டினால்தான் போகும். போனது.

இ டிரைவுக்கு முத்தையன்கட்டுக் குளத்தில் நான் போனில் எடுத்த படத்தை ஜிம்ப் என்ற படம் திருத்தும் புரோகிராமில் 16, 32, 48, 256 பிக்சல் என்று நாலு அளவில் நாலு லேயராக வைத்து ஐகொனாக்கினேன். 16-இல் குளம் நீலக் கறை மாதிரித்தான் தெரிந்தது. கரையில் நின்ற பனை விளக்குமாறு. பிறகு படத்தை விட்டுவிட்டு நீல வட்டமும் இரண்டு கோடுமாகக் கையால் வரைந்தேன், அது பரவாயில்லை. டி டிரைவுக்கு வரையத் தேவை இருக்கவில்லை. எக்ஸ்பி காலத்தில் சித்தப்பாவுக்கு ஐகொன் பைத்தியம், மை டொக்கியூமென்ட்ஸுக்குள் ஒரு போல்டர் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு கமராவைக் கட் பண்ணி டியின் முகப்பில் பேஸ்ட் பண்ணினேன்.

ரீஸ்டார்ட். என் கணக்கில் குளமும் கமராவும் பளிச்சென்று வந்தன. அம்மாவின் கணக்கில் குளம் இருந்தது, கமராவின் இடத்தில் அதே பழைய சாம்பல் பெட்டி.

விண்டோஸ் ஐகொன்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஐகொன் கேஷ்தான் பழுது என்று நினைத்து அம்மாவின் கணக்கில் ஐகொன்கேஷ் பைலை இரண்டு தடவை அழித்தேன். ஆட்டோரன் பைலைத் திரும்ப எழுதினேன். இடையில் கரண்ட் போய் அந்த நாளும் போனது. நாலாம் நாள், அம்மாவின் கணக்கில் இருந்தே அந்தக் கமரா பைலை நேராக அமத்திப் பார்த்தேன். அனுமதி இல்லை! முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

காரணம் இதுதான்: 'கன்டினியூ' பட்டன் அனுமதி கொடுத்தது எனக்கு மட்டும், பட்டியலில் என் கணக்கைச் சேர்த்ததே தவிர வீட்டில் உள்ள மற்றவர்களைச் சேர்க்கவில்லை. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரே டிரைவுக்குள் கட் பண்ணி நகர்த்தும் பைல் தன் பழைய பட்டியலையும் தூக்கிக்கொண்டே போகும், கொப்பி பண்ணினால்தான் புது இடத்தின் பட்டியலை எடுக்கும். குளம் சி டிரைவில் செய்து இ டிரைவுக்குப் போனது, டிரைவ் மாறினால் அது கொப்பி மாதிரித்தான், ஆகவே எல்லாருக்கும் தெரிந்தது. கமராவை எக்ஸ்ப்ளோரர் அம்மாவின் பெயரில் வாசிக்கப் போய், வாசலில் மறிக்கப்பட்டு, பேசாமல் சாம்பல் பெட்டியைக் காட்டிவிட்டது. ஒரு பிழைச்செய்தியாவது காட்டியிருக்கலாம்.

அட்மின் கொமாண்ட் புரொம்ப்டில், பெர்மிசன் பட்டியலை மாற்றும் ஐகாக்ல்ஸ் கட்டளையோடு கமரா பைலின் பெயரையும், புது இடத்தின் பட்டியலை எடுக்கவைக்கும் ரீசெட்டையும் கொடுத்தேன், ஒரு வினாடி வேலை. படப் போல்டரை முதலில் டேக்ஓன் கொடுத்து என் பெயருக்கு மாற்றி, பிறகு ஐகாக்ல்ஸால் யூசர்ஸ் குழுவுக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தேன், அம்மா தவறி டிலீட்டை அமத்தினாலும் ஒன்றும் போகாது. டேக்ஓனை சி டிரைவில் மொத்தமாக ஓட்டிவிடாதீர்கள், விண்டோஸின் சொந்தப் பைல்களின் உரிமையும் கலைந்துவிடும்.

கடைசியாக எஃப்2 அமத்தி டி டிரைவுக்குத் தமிழில் 'பழைய படங்கள்' என்று பெயர் வைத்தேன், என்டிஎஃப்எஸ் 32 எழுத்துவரை விடும். அம்மா கமராவை அமத்தி உள்ளே போய் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார், அம்மப்பாவின் ஸ்கேன் வந்ததும் நிறுத்திவிட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் இரண்டாவது கொப்பி எடுக்க ஒரு யூஎஸ்பி டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறேன்.