ஆல்பி: செங்கல்லில் எழுந்த புனித செசிலியா பேராலயம்

தெற்குப் பிரான்ஸில் துலூஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆல்பி ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் புனித செசிலியா பேராலயம் வந்துவிடும். நம் பங்குகளில் பாடற்குழுவினர் நவம்பர் 22-ல் விழா எடுக்கும் அதே செசிலியம்மாள்தான்.

பார்த்தவுடன் கோட்டை என்று தோன்றும். அந்த மிரட்டல் வேண்டுமென்றே வைத்தது. கத்தார் (Cathar) எனப்பட்ட, திருச்சபை தப்பறைக் கொள்கையினர் என்று ஒதுக்கிய கிறிஸ்தவப் பிரிவினரைச் சிலுவைப்போர் தொடுத்து ஒடுக்கிய வட்டாரம் இது. அந்தப் போர் ஓய்ந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1282-ல் ஆயர் பெர்னார் தெ கஸ்தானே கட்டுமானத்தைத் தொடங்கினார். ஆலயத்தைப் புனிதப்படுத்தும் சடங்கான அர்ச்சிப்பு 1480-ல்தான் நடந்தது.

உள்ளே போகும்முன் சுவரருகே நின்று செங்கல்லைப் பாருங்கள். ஏறத்தாழ 42 செ.மீ. நீளம், 28 அகலம், 5 கனம். நம்மூர்ச் செங்கல்லோடு பார்த்தால் இது பலகை. ஆற்றுக் களிமண்ணைச் சுட்டு, சுண்ணாம்புக் காரையில் பதித்தது. இதில் நுண்ணிய சிற்பம் எடுக்க முடியாது, உடைந்துவிடும். அதனால்தான் வெளிச்சுவர் மொட்டையாக நிற்கிறது. உச்சியில் செங்கல்லின் நிறம் சற்று மாறும். அது 19-ஆம் நூற்றாண்டில் உயர்த்திக் கட்டிய பகுதி.

30 மீட்டர் உயர வளைகூரை சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். பாரிஸ் போன்ற இடங்களில் அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் கல் வளைவுகள் தாங்கும். ஆல்பியில் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் உதைசுவர்களை உள்ளே இழுத்துவிட்டார்கள். வெளியே அரை உருளையாகப் புடைத்திருப்பவை அவற்றின் முதுகுகள். உள்ளே ஒவ்வோர் இரண்டு உதைசுவருக்கும் நடுவே ஒரு சிற்றாலயம். ஆகவே 113 மீட்டர் நீளக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது.

முதன்முறை வருபவர்கள் மேற்கே போய் வாசல் தேடுவார்கள். அங்கே 78 மீட்டர் மணிக்கோபுரம்தான் இருக்கிறது, கதவு இல்லை. வாசல் தெற்கில், படியேறினால் வெள்ளைக்கல் முகமண்டபம் வரும்.

நுழைந்ததும் பலரும் பீடத்தைத் தேடி வலப்புறம், கிழக்கே திரும்புவார்கள். எதிரே, குருக்களுக்கான பகுதியைப் பிரிக்கும் கல் திரைச்சுவர் மறிக்கும். மக்களுக்கான திருப்பலிப் பீடம் இப்போது இருப்பது மேற்கே. எனவே முதலில் இடப்புறம் திரும்பி, கோபுரத்தின் அடிச்சுவரைப் பாருங்கள்: 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். கல்லறையிலிருந்து எழுபவர்கள் தத்தம் வாழ்க்கைக் கணக்கைத் திறந்த புத்தகமாக மார்பில் சுமந்து வருகிறார்கள். கீழே நரகம்: அகங்காரிகள் சக்கரத்தில் கட்டுண்டு சுழல்கிறார்கள்; பொறாமைக்காரர்கள் உறைநீரில் நடுங்குகிறார்கள்; போசனப்பிரியர்களுக்குத் தேரை பரிமாறப்படுகிறது.

ஆனால் தீர்ப்பளிக்கும் கிறிஸ்து படத்தில் இல்லை. 1693-ல் கோபுரத்தின் அடியில் ஒரு சிற்றாலயம் அமைக்கச் சுவரின் நடுவே வழி வெட்டினார்கள். அதோடு அவர் போய்விட்டார். ஏழு தலையான பாவங்களில் சோம்பலின் காட்சியும் அதோடு போயிற்று. பக்தியின் பெயரால் நடந்த சேதங்களில் இதைவிடக் கொடுமையானதைச் சொல்வது கடினம். ஓவியத்துக்கு மேலே நிற்பது 1730-களில் கிறிஸ்தோஃப் முஷெரல் அமைத்த பெரிய ஆர்கன் இசைக்கருவி.

கூரை ஓவியம் 1509 முதல் 1512 வரை இத்தாலிய ஓவியர்கள் தீட்டியது. நீலமும் பொன்னும் இன்றும் மங்கவில்லை. அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்ளும். சிறு பைனாகுலர் இருந்தால் பெஞ்சில் சாய்ந்தபடி நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசியாகக் கல் திரைச்சுவருக்குப் பின்னாலுள்ள பகுதி. நடுக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. இதற்கு டிக்கெட் உண்டு. திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆகவே அன்றைய நேரங்களை வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல்லில் முடியாததையெல்லாம் இங்கே சுண்ணாம்புக்கல்லில் செய்து தீர்த்திருக்கிறார்கள். கல் லேஸ் துணிபோலத் தொங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் பல சிலைகள் போனாலும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. வெளிச்சுற்றில் எசாயா, எரேமியா, யூதித்து, எஸ்தர் என்று பழைய ஏற்பாட்டினர், பழைய வண்ணப்பூச்சோடு. உள்ளே, குருக்கள் அமர்ந்து செபித்த இடத்தில், திருத்தூதர்கள். வெளிச்சுற்றை முதலில் முடித்துவிட்டு உள்ளே போங்கள். மாறிப் போனால் பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டுக்குப் போகும் வரிசை புரியாது.